மெழுகு மரநார்ச் சுருள்: அடுப்பு மூட்ட இது போதும், மண்ணெண்ணெய்க் கேனைத் தள்ளி வையுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெழுகில் தோய்த்த மரநார்ச் சுருள் விறகு அடுப்பு மூட்ட நல்ல சரக்கு, ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம். அந்த அரை ஏன் குறைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், பெரும்பாலும் பெட்டி மேல் அச்சடித்திருக்கும் வாய்ச்சவடாலுக்காகத்தான். கம்பெனி பெயர் போடவில்லை, போட்டும் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் யார் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது மெல்லிசாகச் சீவிய மரநார், அதை விரல் நீளத்துக்கு முறுக்கி மெழுகில் முக்கி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் பேசுவது கதவும் கண்ணாடியும் புகைபோக்கியும் உள்ள இரும்பு விறகு அடுப்பைப் பற்றி. திறந்த அடுப்புக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

சுருளின் ஓரத்தை விரலால் கொஞ்சம் பிய்த்துவிட்டால் நார் பிசிறு பிசிறாக வெளியே வரும். அந்தப் பிசிறில் தீக்குச்சியைக் காட்டுங்கள். நுனி மட்டும் சிவந்து சுருளும், அணைந்துவிட்டதோ என்று தோன்றும், அப்புறம் மெழுகு பளபளவென்று இளகி நாருக்குள் ஏற ஆரம்பித்ததும் சுடர் மெல்ல நிமிரும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகலாம். புதிதாக வாங்கியவர்கள் இந்த அரை நிமிடத்தில்தான் பொறுமை இழந்து "மட்டமான சரக்கு, பிடிக்கவே மாட்டேன் என்கிறது" என்று ஒற்றை நட்சத்திரம் போடப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். மெழுகுவர்த்தியில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது: நார்தான் திரி, மெழுகுதான் எரிபொருள், திரி எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுதான் எரியும். அதனால்தான் ஒரு சுருள் உள்ளங்கை உயரத்துக்குச் சுடர்விட்டு எட்டு, பத்து நிமிடம் நின்று எரிகிறது. பொங்கி வழிவதும் இல்லை, பாதியில் படுத்துக்கொள்வதும் இல்லை.

இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். விறகு தொட்டதும் பற்றிக்கொள்கிற பொருள் இல்லை. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிப் போக வேண்டும், அது போய்த் தீரும்வரை கட்டை சூடேற மறுக்கும். பிறகு 250, 300 டிகிரி செல்சியஸ் அளவில் மரம் சிதைந்து வாயுக்களை விடும், நாம் சுடர் என்று பார்ப்பது பெரும்பாலும் அந்த வாயு எரிவதைத்தான். ஆக மூட்டுகிற பொருளிடம் நாம் கேட்க வேண்டியது வேகம் இல்லை, நிதானம். எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்று பார்த்து வாங்காதீர்கள், எவ்வளவு நேரம் ஒரே சீராக எரிகிறது என்று பாருங்கள். பெட்டியின் முன்பக்கம் "நொடியில் தீ" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், எரியும் நேரம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். எனக்கு வேண்டியது அந்தப் பொடி எழுத்து.

"இதற்கெல்லாம் காசு கொடுக்கணுமா, ஒரு மூடி மண்ணெண்ணெய் ஊற்றினால் முடிந்தது" என்று சொல்பவர் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. அவருக்காகத்தான் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நீட்டுகிறேன். மண்ணெண்ணெய் அறைச் சூட்டில் சாதுவான திரவம். தீப்பிடிக்கிற அளவுக்கு அது ஆவி விட வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 38 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும், அதனால் குளிர்ந்த மண்ணெண்ணெயில் தீக்குச்சியைப் போட்டால் சட்டென்று பற்றாமல்கூடப் போகும். இந்தச் சாதுத்தனத்தை நம்பித்தான் ஆட்கள் மோசம் போகிறார்கள். வில்லங்கம் வருவது பாதி அணைந்த அடுப்பில். மூட்டிய தீ சரியாகப் பிடிக்கவில்லை, சுடர் கிடையாது, ஆனால் கட்டைக்கு அடியில் சாம்பல் மூடிய கங்கு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது, உள்சுவர்ச் செங்கல் இன்னும் கொதிக்கிறது. அதன் மேல் ஊற்றினால் எண்ணெய் உடனே பற்றாது, வெள்ளையாகப் புகை எழும். அது புகையே இல்லை, ஆவியான மண்ணெண்ணெய். "என்னடா இன்னும் பிடிக்கலையே" என்று குனிந்து எட்டிப் பார்க்கிற நேரத்தில் அந்த ஆவி காற்றோடு கலந்து தயாராக நிற்கும், அடியில் ஒரு கங்கு காற்று வாங்கிச் சிவந்தால் போதும், அடுப்பு வயிறு முழுக்க ஒரே சமயத்தில் குப்பென்று வெடித்துப் பற்றும். புகைபோக்கி வழியாகக் கொஞ்சம் போகும், மீதி திறந்த கதவு வழியாகத்தான் வரும், அந்தக் கதவுக்கு நேராக இருப்பது உங்கள் முகம். கையில் கேன் வேறு இருக்கிறது. ஊற்றுகிற தாரையைப் பிடித்துக்கொண்டு தீ கேனுக்கு ஏறலாம், பயத்தில் கேனை உதறினால் எரிகிற எண்ணெய் உடம்பிலும் தரையிலும் சிதறும்.

சரி, குளிர்ந்த அடுப்பில் மட்டும் ஊற்றினால்? அடுப்பு முழுக்கக் குளிர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? சாம்பலுக்குள் புதைந்த கங்கு ஒரு நாளைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். அது போக, ஊற்றிய எண்ணெய் விறகிலேயே நிற்காது, சாம்பலில் இறங்கும், செங்கலில் ஊறும், கம்பித் தட்டு வழியாகச் சாம்பல் பெட்டிக்குள் சொட்டும். மேலே விறகு பற்றிச் சூடேறியதும் கீழே இருப்பதும் தன் பங்குக்கு எழும்பும்.

பெட்ரோலை ஊற்றுகிறவர்களிடம் விளக்கம் பேசுவதே வீண், ஆனாலும் ஒரு வரி. அது மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து பக்கத்து அறையிலுள்ள தீப்பொறி வரை போய்ச் சேரும், காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே வெடிக்கத் தயார். மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டாலும் அந்தச் சாதுத்தனம் போய்விடும், முன்பு பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்கி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டீசல், தின்னர், பழைய எஞ்சின் ஆயில் எல்லாம் இதே ரகம்தான், அளவுதான் மாறும்.

ஸ்பிரிட்டும் சானிடைசரும் தனிக் கதை. சானிடைசர் கூழாக இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அதில் 60, 70 சதவீதம் ஆல்கஹால். வெளிச்சமான அறையில் ஆல்கஹால் சுடர் மங்கலான நீலத்தில் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு தரம் பீய்ச்சுவார்கள், அப்போது தீ புட்டிக்குள் பாய்ந்து, உள்ளே இருப்பதைப் பீச்சாங்குழல் போலத் தூக்கி எதிரில் இருப்பவர் மேல் அடிக்கும். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்தான் இதில் அதிகம் மாட்டுகிறார். கைக்குச் சானிடைசர் போட்ட உடனே தீக்குச்சி உரசுவதும் கூடாது, கை நன்றாகக் காய வேண்டும்.

இப்போது மற்ற ஃபயர் லைட்டர்களுக்கு வருகிறேன். வெள்ளைக் கட்டியாக வருகிற வகை உண்டு, சாக்லேட் பலகை மாதிரி உடைத்து எடுக்கலாம். அதில் இருப்பதும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்தான், ஆனால் திடமான நுரைக்குள் அடைத்துவைத்திருப்பதால் ஓடாது, சிந்தாது, அந்தக் கட்டியின் அளவுக்குத்தான் எரியும். ஆக, திரவத்தை ஊற்றுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். பிடிப்பதும் சுருளைவிட வேகம். எனக்குப் பிடிக்காதது நாற்றம். கையில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாது, பொட்டலத்தைச் சரியாக மூடாவிட்டால் அலமாரி முழுக்க மணக்கும், அதோடு எண்ணெய் ஆவியாகிக் கட்டி வறண்டு சப்பென்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், வெள்ளை வெளேரென்று மிட்டாய்க் கட்டி போல இருக்கிறது. பிள்ளை கடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுதான் பெரிய ஆபத்து, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். எரிந்துகொண்டிருக்கிற தீயில் இன்னொரு கட்டியைத் தூக்கிப் போடுவதும் வேண்டாம்.

பிசின் ஊறிய பைன் மரச் சிம்பு இன்னொன்று. செதுக்கிப் பார்த்தால் தேன் நிறம், மணம் அருமையாக இருக்கும், மழையில் நனைந்தாலும் பற்றும். ஆனால் கறுப்பாகப் புகை கக்கும், அடுப்புக் கண்ணாடி அரைமணியில் மங்கிவிடும். வெளியிடத்தில் தீ மூட்ட இது ராஜா, கண்ணாடிக் கதவு அடுப்புக்கு ஒரு குச்சி, மிஞ்சினால் இரண்டு. காசைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு மின்சாரச் சூடுகாற்றுக் கருவியும் இருக்கிறது, 600 டிகிரிக்கும் மேல் சூடான காற்றை ஊதும். வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் ஊதுகிற காற்றில் சாம்பலும் பொறியும் அறைக்குள் பறக்கும், அணைத்த பிறகும் மூக்கு ரொம்ப நேரம் சுடும், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கரி மூட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய செய்தித்தாள் தாராளமாக ஆகும், பளபளப்பான வண்ணப் பத்திரிகைத் தாள் ஆகாது. செய்தித்தாளையும் அள்ளித் திணிக்காதீர்கள், எரிகிற தாள் துண்டுகள் மேலே பறந்து, புகைபோக்கியின் உள்சுவரில் படிந்திருக்கும் தார் போன்ற கரியைப் பற்றவைத்துவிடலாம். அந்தக் கரி எரிந்தால் உள்ளே 1000 டிகிரியைத் தாண்டிப் போகும், ரயில் போவது போல இரைச்சல் கேட்கும், கேட்டால் அடுப்பின் காற்று வழியை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட வேண்டியதுதான். சுள்ளிக்காக உடைத்த மரச்சாமான், பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, கரையான் மருந்து ஏற்றிய மரம் எதுவும் வேண்டாம். பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம், எரித்தாலும் சாம்பலில் தங்கும். சரக்கு வந்திறங்கும் பேலட் பலகையை உடைக்கிறவர்கள் அதில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள், எச்.டி. என்றால் சூட்டில் மட்டும் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையடித்தது, அது அடுப்புக்குள் போகக் கூடாது.

சரி, சுருளுக்கே திரும்புகிறேன். இதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. வழக்கமாக எல்லோரும் அடியில் தீ, மேலே விறகு என்று அடுக்குகிறார்கள். நான் தலைகீழாகச் செய்கிறேன். தடிக் கட்டை இரண்டு மூன்றை விரல் இடைவெளி விட்டு அடியில், அதன் மேல் நடுத்தரம், அதற்கும் மேல் கட்டைவிரல் பருமனுள்ள சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து வரிசை, உச்சி வரிசையில் இரண்டு சுள்ளிக்கு நடுவே ஒரே ஒரு சுருள். காற்று வழி முழுக்கத் திறந்திருக்க வேண்டும். தீ மேலிருந்து கீழே இறங்கும். கீழேயுள்ள கட்டை சூடாகி விடுகிற வாயு மேலே ஏறும்போது ஏற்கெனவே எரிகிற சுடருக்குள் நுழைந்து எரிந்துவிடுவதால் புகை கணிசமாகக் குறைகிறது, புகைபோக்கியும் முதலிலேயே சூடேறி இழுக்க ஆரம்பிக்கிறது. எரிந்த அடுக்கு சரிந்து விழுந்து தீயை மூடிவிடுமோ என்ற தொல்லையும் இல்லை. இந்த முறைக்கு நின்று எரிகிற சுருள் மாதிரி வாகான பொருள் கிடையாது, செய்தித்தாள் அந்த உயரத்தில் ஒரு நிமிடத்தில் சாம்பலாகிப் பறந்துவிடும். தேவைப்பட்டால் முதல் சில நிமிடம் கதவை ஒரு விரல் திறந்து வைக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் எழுந்து போகக் கூடாது.

ரொம்ப நாள் மூட்டாத அடுப்பில் புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கும், மூட்டியதும் புகை வீட்டுக்குள்தான் வரும். அரைச் சுருளைப் பிய்த்து, புகைபோக்கி வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே தனியாக எரியவிடுங்கள், சுடர் மேல்நோக்கி இழுபட்டதும் கீழே மூட்டுங்கள். சமையலறைப் புகைவிசிறி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு ஒரு சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அந்த விசிறி புகைபோக்கியோடு போட்டி போட்டு இழுக்கும். புகை பின்னோக்கி வருகிற அடுப்பில் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதனால் அதைக் கண்டுபிடித்து அலறுகிற கருவி ஒன்று அடுப்பு இருக்கிற வீட்டில் அவசியம். கங்கு கனன்றுகொண்டிருக்கும்போதே காற்று வழியையும் புகை வழியையும் இறுக்கி மூடிவிட்டுப் படுக்கப் போவதும் அதே ஆபத்துதான்.

இனி அந்த அரை மதிப்பெண். பெட்டியில் "புகையே வராது" என்று போட்டிருக்கிறார்கள், வரும். பற்றும்போதும் அணையும்போதும் மெழுகு கொஞ்சம் புகையும். "ஈர விறகையும் எரிக்கும்" என்று இன்னொரு வரி, அது அப்பட்டமான புளுகு. பச்சை விறகில் பாதி அளவுக்குக்கூடத் தண்ணீர் இருக்கும், அதோடு நாலு சுருளைச் சேர்த்து வைத்தாலும் நாலும் எரிந்து முடியும், கட்டை ஓரத்தில் தண்ணீர் கொப்பளித்துச் 'சுர்' என்று சத்தம் போடும், அவ்வளவுதான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஈரமானி வைத்திருந்தால் கட்டையின் வெளித்தோலில் குத்தாமல் அப்போதுதான் பிளந்த உள்முகத்தில் குத்திப் பாருங்கள். ஒரு சுருளில் பற்றாவிட்டால் தப்பு விறகில் இருக்கிறது அல்லது காற்று வழியில் இருக்கிறது, சுருளைக் கூட்டிப் பிரயோசனம் இல்லை. வாங்கிய இடத்தில் ஈரம் பற்றிக் கேட்டதற்கு "ரெண்டா வைங்க சார்" என்றுதான் பதில் வந்தது.

கையாலேயே செய்துகொள்ளலாமா என்றால், செய்யலாம். காகித முட்டை அட்டையின் குழிகளில் மரத்தூளை நிரப்பி உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவைத்தால் கிட்டத்தட்ட இதே சரக்கு. தெர்மாகோல் அட்டை வேண்டாம். மெழுகை நேரடித் தீயில் உருக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், அதிகம் சூடானால் மெழுகே தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைப் போட்டு மூடி அடுப்பை அணைக்க வேண்டும். இவ்வளவு மெனக்கெட எனக்கு நேரமில்லை, அதனால் வாங்கிவிடுகிறேன்.

எதை வைத்து மூட்டினாலும் தொளதொளவென்ற நைலான் சட்டையோடு அடுப்பு முன் உட்காராதீர்கள், அது உருகித் தோலோடு ஒட்டும். சுட்டுக்கொண்டால் பற்பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் காட்டுங்கள், பெரிய காயம் என்றால் மருத்துவமனைதான்.

அடுத்த தடவையும் இதையே வாங்குவேன், தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி வருகிற வகையை விட்டுவிட்டு மொத்தமாக அட்டைப்பெட்டியில் வருவதை. பெட்டியை அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மெழுகு 50, 60 டிகிரியிலேயே இளகிவிடும், சுருளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது நார் உதிர்ந்து பாதி வீணாகும்.